கிறிஸ்டல இரும்புல ஒட்டறதுக்குள்ள ஆறு மாசம் (கோத்தகிரி டீ ஃபேக்டரி கதை)

கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரி. ட்ரையருக்குச் சூடு காத்து குடுக்கற விறகு ஹீட்டர் இருக்குல்ல, அதோட புகைய இழுத்து சிம்னிக்குத் தள்ற ஃபேன், அதுல சாம்பல் படிஞ்சு படிஞ்சு பேலன்ஸ் போயிடும், சத்தம் வெளிய கேக்கறப்ப பேரிங் போயிருக்கும். அங்க ஃபிட்டரா இருக்கற அண்ணன் "தம்பி, முன்னாடியே தெரியற மாதிரி எதாச்சும் பண்ண முடியாதா"ன்னு கேட்டார். வைப்ரேஷன் சென்சார் தானேண்ணா, ஒரு வாரம் குடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அது அக்டோபர். சர்க்யூட் ரெண்டு நாள்ல முடிஞ்சுது, மிச்சம் ஆறு மாசமும் கிறிஸ்டல (அதிர்ந்தா கரண்ட் சிக்னல் குடுக்கற சின்னத் தகடு, சென்சாரே அது தான்) ஒட்டறதுக்கே போச்சு.

பேரிங் மேல வைக்க இடமில்ல, ஃபேன் கேசிங்ல தான் வைக்கணும், அங்க தெர்மாமீட்டர் 230 டிகிரி காட்டுச்சு. முதல்ல கோயமுத்தூர்ல வாங்கின பஸர் தகட சூப்பர் க்ளூல ஒட்டினேன் (சிரிக்காதீங்க), வீட்டு அவன்ல வச்சப்பவே விழுந்துருச்சு. சரி, க்ளூ தான் பிரச்னைன்னு 300 டிகிரி தாங்கும்னு போட்டிருந்த ரெண்டு டப்பா எபாக்ஸி வாங்கினேன். எங்க ஊர்ல தென்மேற்கு மழையவிட ஐப்பசி கார்த்திகை மழை தான் ஜாஸ்தி, ஜன்னல் சாத்தினாலும் மிஸ்ட் உள்ள வந்து உக்காந்துக்கும். கலந்து தடவினது மேல காலைல பாத்தா மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு. ஈரத்தையும் காத்துல இருக்கற கார்பன் டை ஆக்ஸைடையும் ஹார்டனர் இழுத்துக்கிட்டா அப்படி ஆகுமாம், அது மேல எத ஒட்டினாலும் பிடிக்காது. அப்புறம் ஒரு அட்டப்பெட்டிக்குள்ள 60 வாட்ஸ் குண்டு பல்பு போட்டு அதுக்குள்ளயே கலக்கி ஒட்டினேன், நல்லா பிடிச்சுது. சூடு பண்ணி எடுத்து ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டினா ஸ்கோப்ல (சிக்னல கோடா காட்டற மெஷின்) ஒண்ணுமே வரல! ஒட்டு அப்படியே இருக்கு, கிறிஸ்டல் செத்துப் போச்சு. பஸர் தகட்டுல இருக்கறது பி.இசட்.டி.ங்கற பீங்கான் மாதிரி பொருள், அது வகைக்குத் தகுந்தாப்ல 200லேர்ந்து 350 டிகிரிக்குள்ள க்யூரி பாயிண்ட் தாண்டிரும், தாண்டிட்டா அத செய்யறப்ப ஹை வோல்டேஜ் குடுத்து உள்ள வரிசைப்படுத்தி வச்ச சார்ஜெல்லாம் கலைஞ்சிரும், அப்புறம் சிக்னலே வராது. அந்தப் பாயிண்டுல பாதிக்கு மேல போகாம வச்சுக்கறது தான் வழக்கம், நான் அதப் படிக்காமயே அவன்ல வச்சேன்.

அதனால லித்தியம் நியோபேட்ங்கற வேற கிறிஸ்டலுக்கு மாறினேன். அதோட க்யூரி பாயிண்ட் 1100க்கு மேல, நம்ம ஹீட்டரெல்லாம் அதுக்கு ஒரு விஷயமே இல்ல. சிக்னல் பி.இசட்.டி.ல வர்றதுல பத்துல ஒரு பங்கு தான் வரும், ஆம்ப்ளிஃபையர்ல சரிக்கட்டிக்கலாம். ஆனா இது சூடானாலே தானா சார்ஜ் ஏறும். எனக்குத் தெரியாது. அவன்லேர்ந்து எடுத்து நேரா போர்டுல மாட்டினேன், டிக்குன்னு ஒரு சத்தம், ஆம்ப்ளிஃபையர் முன்னாடி இருந்த எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர் காலி. இப்பல்லாம் சூடு பண்றப்பவும் ஆறுறப்பவும் ரெண்டு வயரையும் முறுக்கி ஷார்ட் பண்ணியே வைக்கறேன்.

இப்ப மெயின் மேட்டர். கிறிஸ்டல ஒட்டற அடித்துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அது ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்துல 17 பங்கு விரியும். லித்தியம் நியோபேட் ஒரு பக்கம் 15, இன்னொரு பக்கம் அதவிடக் கம்மி. பி.இசட்.டி. இன்னும் மோசம், 3 கிட்ட தான், 10 மில்லி தகட 225 டிகிரி ஏத்தினா ஸ்டீலுக்கும் அதுக்கும் 30 மைக்ரான் இழுபறி வரும். கிட்டத்தட்ட அரை தலைமுடி. இறுகின எபாக்ஸி அத விட்டுக் குடுக்காது, ஒண்ணு ஒட்டு பிரியும் இல்லன்னா கிறிஸ்டல்ல விரிசல் விடும். அதனால தகட 5 மில்லியா சின்னது பண்ணேன், இழுபறியும் பாதியாச்சு. எபாக்ஸிய விட்டுட்டு சில்வர் சின்டர் பேஸ்ட்டுக்குப் போனேன். 250 டிகிரிலயே வெள்ளிப் பொடி ஒண்ணோட ஒண்ணு கெட்டியாப் பிடிச்சுக்கும், ஆனா திரும்ப உருகணும்னா வெள்ளியோட 961 டிகிரிக்குப் போகணும். அப்பா வெள்ளி போட்டுத் தயாரிக்கற ஃபோட்டோ ஃபிலிம் ஃபேக்டரில வேலை பாத்தவர், டப்பாவப் பாத்துட்டு "இவ்ளோ வெள்ளியா"ன்னு அதட்டினது தனிக்கதை.

ஸ்டீல் மேல வெள்ளி நேரா பிடிக்காது, ஆக்ஸைடு படலம் தடுக்கும். நிக்கல், அது மேல வெள்ளின்னு முலாம் போடணும். கோயமுத்தூர் ராஜ வீதி பக்கம் நகைக்கு முலாம் போடறவர்கிட்ட அந்த ஸ்டீல் துண்ட கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "ஏனுங்க தம்பி, இது தாயத்துங்களா"ன்னார்.

பேஸ்ட்ட மெல்லிசா தடவி, மொதல்ல 80 டிகிரில ஒரு மணி நேரம், சால்வென்ட் மெதுவா போகணும். அவசரப்பட்டு ஒரேயடியா ஏத்தினா உள்ள குமிழி நிக்கும், என்னோட ரெண்டு பீஸ் அப்படித்தான் போச்சு. அப்புறம் ஸ்ப்ரிங் கிளாம்ப்ல அமுக்கி 250 டிகிரி, தெரிஞ்ச பல் லேப் ஃபர்னஸ ராத்திரில கடன் வாங்கி. மார்கழில ஒரு நாள் பொறுமையில்லாம கதவத் திறந்துட்டேன், வெளிய 8 டிகிரி, "டிங்"னு நல்ல கிளியரா கேட்டுச்சு, கிறிஸ்டல் குறுக்க ஒரு கோடு. அன்னிலேர்ந்து கதவ காலைல தான் திறக்கறது.

அடுத்த பீஸ 20 தடவ ஏத்தி இறக்கி தட்டிப் பாத்தேன், சிக்னல் அசையல. சந்தோஷமா கொண்டு போய் ஃபேன்ல மாட்டினா அரை மணி நேரத்துல சிக்னல் கட். கழட்டிப் பாத்தா ஒட்டு கல்லு மாதிரி இருக்கு, வயர் தான் கீழ கிடக்கு. சாதா ஈயத்துல சால்டர் வச்சிருந்தேன், அது 183 டிகிரிலயே உருகிரும்! டெஸ்ட் பூரா வயர கிளிப்ல கவ்வியே பண்ணதால கண்ணுல படல. வயரையும் அதே சில்வர் பேஸ்ட்ல ஒட்டி, மேல கண்ணாடி நார் ஸ்லீவ் போட்டு திரும்ப மாட்டினேன்.

போன வாரம் அதிர்வு காட்டற கோடு மெதுவா ஏறுச்சு, அண்ணன் ஃபேன நிறுத்தித் திறந்தார், ஒரு பிளேடுல மட்டும் கைப்பிடி அளவு சாம்பல். சுரண்டிட்டு ஓட விட்டதும் கோடு கீழ வந்துச்சு. "பக்கத்து ஹீட்டருக்கும் ஒண்ணு போடு தம்பி, அதுக்கு எத்தன மாசம் வேணும்"னு கேக்கறார். பேஸ்ட் டப்பால பாதி மிச்சமிருக்கு.