அம்மிச்சி நேர்ந்துகொண்ட ஏழு மலை

வேண்டுதல் என்னுடையதல்ல, அம்மாவைப் பெற்ற எங்கள் அம்மிச்சியுடையது. 2019-இல் தங்கச்சிக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகி, குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மிச்சி மட்டும் மேற்கே, கோவைப் பக்கத்து வெள்ளியங்கிரி மலை இருக்கும் திசையில் திரும்பிக் கையெடுத்தார். "ஆண்டவனே, புள்ள நல்லபடியா ஊடு வந்து சேரட்டும். ஏழு மலையும் ஏறி உன்ற முன்னால வந்து நிக்கறேன்." அப்போது அவருக்கு 74 வயது.

குழந்தை பிழைத்தது. அடுத்த பங்குனியில் மலைக்குப் போவதென்று கம்பை எடுத்துத் துடைத்து வைத்தார். அந்தப் பங்குனியில் ஊரடங்கு வந்து பாதையை மூடிவிட்டார்கள். திறந்தபோது அவருடைய முழங்கால்கள் இடம் கொடுக்கவில்லை. போன ஐப்பசியில் ஆண்டவன் திருவடி சேர்ந்தார். கடைசி நாட்களில் ஒருமுறை என் கையைப் பிடித்து, "கண்ணு, வெள்ளியங்கிரியானுக்கு ஒரு கடன் நிக்குது. நீ போய்த் தீர்த்துப்போட்டு வந்துரு" என்றார். வேறெதையும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

அம்மிச்சிக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டம். களத்தில் நின்றால் மலை தெரியும். அவர் வீட்டுக்காரர், எங்கள் அப்புச்சி, இளம் வயதிலேயே போய்விட, மூன்று பெண்பிள்ளைகளையும் எருமைகளையும் வாழையையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர். மலையடிவாரத் தோட்டத்தில் வாழை போட்டால் யானை வராமல் இருக்குமா? சாளைக் குடிசையில் ராத்தங்கி, தகர டின்னைத் தட்டிக்கொண்டு காவல் காப்பார். யானை வந்து நின்றால், "விநாயகா, போயிரு சாமி, எம் புள்ளைகளுக்குச் சோறு அது" என்று சத்தம் போட்டுச் சொல்வாராம். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லும்போது குரல் மாறிவிடும்.

பால் கேனைத் தலையில் சுமந்துதான் சொசைட்டிக்கு நடப்பார். நாற்பது வயதுக்கு மேல் ஒரு பழைய டிவிஎஸ் 50-ஐ வாங்கி, களத்திலேயே சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினார். ஊரில் எந்தப் பெண்ணும் வண்டியைத் தொடாத காலம் அது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னால் கேனைக் கட்டி, விடியற்காலையில் கிளம்பிவிடுவார். பேசியவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "முறுக்குனாப் போகுது. ஆம்பளையா பொம்பளையான்னு வண்டி கேக்குதா?" எங்களுக்கெல்லாம் நீச்சல் பழக்கியதும் அவர்தான். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டு, நாங்கள் அலறுவதற்குள் அவரே குதித்திருப்பார். ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, இந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல் ரயிலேறிக் காசிக்குப் போய், எல்லோரையும் பத்திரமாகத் திருப்பிக் கூட்டி வந்தார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடை எப்போதும் உண்டு.

கண்ணுக்கு எதிரே நிற்கும் வெள்ளியங்கிரிக்கு மட்டும் காத்திருந்தார். பத்து வயதுக்கு மேல் ஐம்பது வரை பெண்கள் அந்த மலை ஏறுவதில்லை என்பது வழக்கம்; ஐம்பது தாண்ட வேண்டுமே. தாண்டிய அடுத்த சிவராத்திரிக்கே ஏறிவிட்டார். அதன்பின் ஊரடங்கு வரும்வரை ஒரு வருஷமும் விட்டதில்லை.

அவருடைய மூங்கில் கம்பைத்தான் நான் எடுத்துப் போனேன். பிடிக்கும் இடத்தில் சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றியிருந்தார். அடியில் டயர்த் துண்டு ஒன்றை வைத்து ஆணி அடித்திருந்தார். பாறையில் வழுக்காமல் இருக்க அவரே செய்த ஏற்பாடு. பூஜையறை மூலையில் நின்ற கம்பு என்பதால் உடம்பெல்லாம் சந்தனமும் குங்குமமும்.

பங்குனியில், பௌர்ணமியைத் தவிர்த்து, வாரநாளாகப் பார்த்துத்தான் போனேன். பேரூர், ஆலாந்துறை தாண்டி, இருட்டுப்பள்ளத்தில் திரும்பி, அடிவாரக் கோயில் இருக்கும் பூண்டி போய்ச் சேர்ந்தால் அன்றைக்கும் அப்படி ஒரு கூட்டம். வண்டியை நிறுத்த விடாமல் வழிமறித்து ஆளாளுக்குக் காசு கேட்கிறார்கள். ஒருவர் என் கையிலிருந்த கம்பைப் பார்த்துவிட்டு, "பழைய கம்பெல்லாம் மேலே விடமாட்டாங்க, புதுசு வாங்குங்க" என்று சாதித்தார். சாமி பெயரைச் சொல்லி இப்படிப் பொய் சொல்ல எப்படி மனசு வருகிறதோ! தங்கச்சியும் குழந்தையும் கீழே தங்கிக்கொண்டார்கள். ஆண்டவரையும் மனோன்மணித் தாயாரையும் தரிசித்துவிட்டு, வனத்துறைச் சோதனை முடிந்து ராத்திரி ஏற ஆரம்பித்தேன்.

முதல் மலைதான் ஆளைப் பார்க்கும் மலை. படி, படி, முடிவே இல்லாத படி. வெள்ளைப் பிள்ளையாரைப் பார்ப்பதற்குள் சட்டை பிழியும் அளவுக்கு நனைந்துவிட்டது. "மொத மலையில வாயத் தொறக்காத, மேல பாக்காத, கம்பு ஊனற எடத்த மட்டும் பாரு" என்பார் அம்மிச்சி. அப்படியே செய்தேன். பக்கத்தில் இளவட்டங்கள் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு வந்தார்கள். அரோகரா கேட்க வேண்டிய மலையில் குத்துப்பாட்டு! குடித்த பாட்டிலைப் புதருக்குள் எறிகிறார்கள். யானையும் மானும் திரியும் காடு, சித்தர்கள் தவமிருந்த இடம். ஏறுகிற ஒவ்வொருவரும் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை எல்லாம் இருட்டிலேயே கடந்தன. ஐந்தாவது மலையில் மரங்கள் குறைந்து புல்வெளி வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. காது அடைக்கும் காற்று, எலும்புக்குள் இறங்கும் குளிர். மேகம் தாழ்ந்து வந்து டார்ச் வெளிச்சம் இரண்டடிக்கு மேல் போகவில்லை. அங்கேதான் கெண்டைக்கால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்துக்கொண்டன. ஒரு பாறை ஓரம் சாய்ந்துவிட்டேன். திரும்பவும் முடியாது, ஏறவும் முடியாது என்கிற நிலை.

"ஏங் கண்ணு, காலு புடிச்சுக்குச்சா?" என்று ஒரு குரல். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா. பின்னால் அவர் வயதிலேயே இன்னும் இரண்டு பேர். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கல்லுப்பு எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, ஒரு எலுமிச்சை மூடியைப் பிழிந்துவிட்டார். "நக்கிக்க. காலை நீட்டு." நீட்டினேன். குனிந்து கெண்டைக்காலை அழுத்தி நீவிவிட்டார். பதறி எழப் பார்த்தேன். "சும்மா உக்காரு, எம் பேரனுக்குச் செய்ய மாட்டனா" என்றார். காய்ந்து போன, வெடிப்பு விழுந்த விரல்கள். பால் கறந்த கை அப்படித்தான் இருக்கும். எனக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. வலி விட்டதும் அந்த மூன்று பேரோடேயே நடந்தேன். நான்தான் அவர்களுக்குத் துணை என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஆண்டிச் சுனையில் முங்கினபோது மூச்சு ஒரு கணம் நின்று வந்தது. ஈரத் துணியோடு ஏழாவது மலை. விடிந்துவிட்டது. மேலேயிருந்து சிறுவாணித் தண்ணி தெரியும் என்பார் அம்மிச்சி. எனக்கு மேகம்தான் தெரிந்தது.

மூன்று பெரும்பாறைகள் சாய்ந்து தோரணம் கட்டி நிற்க, உள்ளே சுயம்புவாக அவன். நெருக்கித் தள்ளுகிறார்கள். ஒருவர் ஆண்டவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார். என் முறை வந்தபோது பூசாரி, "யார் பேருக்கு?" என்றார். குழந்தையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். அப்புறம், "நேர்ந்துக்கிட்டது எங்க அம்மிச்சிங்க. அவங்க இப்ப இல்லீங்க சாமி, அவங்களுக்காக ஏறி வந்தேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார். "அதை இப்படிக் குடு." வாங்கிப் போய் லிங்கத்தின் முன்னால் தரையில் வைத்துத் தீபாராதனை காட்டினார். அந்தச் சூட வெளிச்சத்தில் சந்தனம் அப்பிய அந்தக் கம்பையும், டியூப் சுற்றிய இடத்தில் அவர் விரல் அழுத்தித் தேய்ந்த பள்ளத்தையும், அதற்குப் பின்னால் ஆண்டவனையும் ஒரே பார்வையில் பார்த்தேன். என்ன வேண்ட வந்தேன் என்பதே மறந்துவிட்டது. அரோகரா சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. பின்னாலிருந்து தள்ளியவர்களும் அந்த நிமிஷம் தள்ளவில்லை. பூசாரி கம்பைத் திருப்பிக் கொடுத்து, திருநீற்றை இரண்டு தடவை அள்ளி வைத்தார். "ஒண்ணு புள்ளைக்கு. இன்னொண்ணு நேர்ந்துக்கிட்டவங்க படத்துக்கு. கடன் தீந்துச்சு, போயிட்டு வா."

என்ன புண்ணியம் செய்தோம் அப்பனே! கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த உயிரைத் தந்தாய். வண்டி ஓட்டி, கிணற்றில் குதித்து, யானையோடு பேசிய ஒரு மனுஷியை எங்களுக்கு அம்மிச்சியாகத் தந்தாய். பாதி மலையில் விழுந்தவனுக்கு முந்தானையில் உப்போடு ஆள் அனுப்பினாய். எதற்கென்று நன்றி சொல்வது?

இறங்கி வந்து பூண்டியில் தங்கச்சியைப் பார்க்கும்போது வெயில் ஏறிவிட்டது. படியிறங்கிய கால்கள் வெடவெடத்தன. குழந்தை நெற்றியில் திருநீறு இட்டேன். அவள் கம்பைப் பிடுங்கி, தன்னைவிட உயரமான அதைத் தரையில் ஊன்றிப் பார்த்துவிட்டு, "மாமா, நானும் ஏறட்டுமா?" என்றாள். இப்போது முதல் வகுப்பு. பத்து ஆவதற்குள் ஒரு தடவை கூட்டிப் போய்விட வேண்டும் என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். ஆண்டவன் உத்தரவு கிடைக்கட்டும். வெள்ளியங்கிரி ஆண்டவருக்கு அரோகரா!