வீட்டுக்கென்று விட்ட இரண்டு வரிசை

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலை, ஒட்டன்சத்திரம் பக்கத்தில் என் சித்தப்பாவின் கத்தரித் தோட்டத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். முதுகில் தெளிப்பானைச் சுமந்து வரிசை வரிசையாக மருந்து அடித்துக்கொண்டு வந்தவர், கிணற்று மேட்டை ஒட்டிய கடைசி இரண்டு வரிசைகளை நெருங்கியதும் கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். மருந்து தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். "இல்லம்மா, அது வீட்டுக்கு" என்றார். மறுநாள் விடிவதற்குள் மற்ற வரிசைகளின் காய்கள் சாக்கில் ஏறிச் சந்தைக்குப் போயின. அந்த இரண்டு வரிசைகளில் பறித்ததைச் சித்தி எண்ணெய்க் கத்தரிக்காயாக்கி எனக்குப் பரிமாறினார். கோயம்புத்தூருக்குத் திரும்பி, எங்கள் தெருமுனைக் கடையில் பளபளவென்று குவிந்திருந்த கத்தரிக்காயைக் கையில் எடுத்தபோது, இது எந்த வரிசைக் காய் என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சித்தப்பாவை இதற்காகக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கத்தரியைத் தாக்கும் காய்த்துளைப்பான் புழு, முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்துக்குள் தளிருக்குள்ளோ பிஞ்சுக்குள்ளோ நுழைந்துவிடும். உள்ளே போன புழுவை மேலே படும் மருந்து தொடுவதில்லை என்பதால், அடுத்துப் பொரியப்போகும் புழுக்களைக் குறிவைத்து வாரம் ஒருமுறை, சில சமயம் இருமுறைகூட அடிக்கிறார்கள். 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்த, மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரி தொடர்பான சர்ச்சை முழுவதற்கும் காரணமாக இருந்தது இதே புழுதான். ஓட்டை விழுந்த காயை மண்டியில் கழித்துவிடுவார்கள். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டில், அடித்தபின் இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் கத்தரிக்காய் முற்றிவிடும். சீட்டில் உள்ள நாளுக்கும் செடியில் உள்ள காயின் நாளுக்கும் இடையே சித்தப்பா மாட்டிக்கொண்டிருக்கிறார். அந்த இடைவெளியில் விளைந்ததைத்தான் நகரத்தில் நாம் வாங்கிச் சமைக்கிறோம்.

2019ஆம் ஆண்டு, சிறுமலை அடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் செம்மண் நிலம் வாங்கி, அதிலேயே ஓட்டு வீடு ஒன்று கட்டிக் குடிபோனோம். நான் கணக்கர் வேலையை விட்டேன். கணவர் தம் வேலையை விடவில்லை. இதைச் சொல்லாமல் தற்சார்பு வாழ்க்கையைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது, ஏனென்றால் முதல் மூன்று ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணறு, கம்பிவேலி, சொட்டுநீர்க் குழாய் ஆகிய எல்லாவற்றுக்கும் பணம் வந்தது அவருடைய சம்பளத்திலிருந்தே தவிர மண்ணிலிருந்து அன்று.

எல்லாவற்றையும் நாமே விளைவிப்பது என்ற ஆசையோடுதான் போனோம். முதல் ஆண்டிலேயே அந்த ஆசை கரைந்து, அதன் இடத்தில் ஒரு கணக்கு வந்து உட்கார்ந்தது. மருந்தடித்த சில நாளுக்குள் பறிக்கப்படும் காய்களை முதலில் நாம் விளைவிப்போம். மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடந்தோ, ஒரே அறுவடையிலோ வருபவற்றைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்பதே அந்தக் கணக்கு. அதன்படி கத்தரி, வெண்டை, பாகல், மிளகாய், கீரை, கறிவேப்பிலை ஆகியவை முன்னே வந்தன. சேனை, மரவள்ளி, பூசணி பின்னே போயின. கறிவேப்பிலையை இந்தப் பட்டியலில் பார்த்துப் பலர் வியக்கிறார்கள். தாளிப்பில் போட்டு ஓரமாக ஒதுக்கிவிடும் இலைதானே என்று நினைக்கிறார்கள். இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையைப் பூச்சிக்கொல்லி எச்சத்துக்காகக் கூடுதல் சோதனைக்கு உட்படுத்தும் பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியம் பல ஆண்டுகள் வைத்திருந்தது என்பதை அறிந்த பிறகு, வீட்டு வாசலில் நான் முதலில் நட்டது அந்தச் செடியைத்தான்.

மண் எங்களை அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. மழை பெய்தால் மேலே ஓடு கட்டும், வெயில் அடித்தால் மண்வெட்டி துள்ளும். கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் பண்ணையில் கேட்டுவந்தபடி, தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், பசுந்தாள் என்று வகைக்கு நான்காக ஏறக்குறைய இருபது விதைகளைக் கலந்து விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதோம். இப்படி இரண்டு முறை செய்த பின்னரே மண்ணைக் கையால் கிளற முடிந்தது. அவசரப்பட்டு வெளியிலிருந்து வாங்கிக் கொட்டிய ஒரு டிராக்டர் குப்பையோடு கோரைக் கிழங்கும் வந்து சேர்ந்தது. அதை இன்றுவரை பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். நாற்றுப்பண்ணை ஒன்றில் வாங்கிய தக்காளி நாற்றுகள் முழங்கால் உயரத்திலேயே நின்றுபோயின. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் மணிமணியாக முடிச்சு, நூற்புழுவின் வேலை. அன்றிலிருந்து நாற்று வீட்டிலேயே விடுகிறோம். நூற்புழுவைக் குறைக்க, தக்காளி நடும் பாத்தியில் அதற்கு முந்தைய பட்டத்தில் செண்டுமல்லி போடுகிறோம்.

கத்தரியில் புழு எங்களிடமும் வந்தது. வராமல் போகும் என்று யாராவது சொன்னால் அவர் கத்தரி வைத்ததில்லை என்று பொருள். காலையில் பாத்தியைச் சுற்றும்போது, மற்ற தளிர்கள் நிமிர்ந்திருக்க ஒன்று மட்டும் தலை தொங்கிக் கிடக்கும். அதை ஒரு விரல் நீளத்துக்குக் கிள்ளிப் பிளந்தால், உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பில் சின்னஞ்சிறு புழு ஒன்று ஈரமாகச் சுருண்டிருக்கும். கிள்ளிய தளிரைப் பாத்தியிலேயே போடக் கூடாது. வாளியில் சேர்த்துக் கோழிகளுக்குக் கொட்டிவிடுகிறேன். ஆண் அந்துப்பூச்சிகளை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி நான்கு கட்டியிருக்கிறோம். ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவெல்லாம் ஊறவைத்து, வடிகட்டி, நூறு லிட்டராக்கித் தெளிக்க வேண்டும் என்பது பெரிய தோட்டத்துக் கணக்கு. எங்கள் நாற்பது செடிகளுக்கு அரைக் கிலோ போதும். இவ்வளவு செய்தும் பத்துக் காய்க்கு மூன்றில் ஓட்டை இருக்கும். கத்தியால் அந்தப் பகுதியை அரிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடுகிறோம். விற்பவருக்குப் பத்தில் மூன்று என்பது முதலையே தின்றுவிடும் இழப்பு; தின்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை, அவ்வளவுதான். வீட்டுத் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து வேண்டாம் என்று சொல்ல முடிவதே இதனால்தான். இதை வைத்துக்கொண்டு சந்தைக்கு விளைவிப்பவருக்கு அறிவுரை கூறக் கிளம்பும் நண்பர்களைக் கண்டால் எனக்குச் சற்று எரிச்சல் வருகிறது.

தானியத்தில் பட்ட பாடு வேறு வகை. இரண்டாம் ஆண்டு மானாவாரியாகச் சாமை விதைத்து, நாற்பது கிலோவுக்குமேல் அடித்துத் தூற்றி மூட்டை கட்டிய பெருமை பத்து நாள் நீடித்தது. உமி நீக்குவதற்கு எடுத்துச் சென்றால், அக்கம்பக்கத்து அரிசி ஆலை எதிலும் அதற்கேற்ற இயந்திரம் இல்லை. இருந்த ஓரிடத்தில் இவ்வளவு குறைவாக எடுத்துவந்தால் ஓட்ட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். உரலில் இடித்துப் பார்த்ததில் அரை நாள் உழைப்புக்கு ஒரு வேளைச் சோறு கிடைத்தது. அந்தக் காலத்துப் பெண்கள் இதைத்தான் தினமும் செய்தார்கள் என்ற எண்ணம் வந்தபோது, பழைய உணவைப் போற்றிப் பேசும் ஆண்களின் நினைவும் கூடவே வந்தது. இப்போது கம்பும் கேழ்வரகும் மட்டுமே விதைக்கிறோம். இரண்டிலும் உமி மணியோடு இறுகப் பற்றியிருப்பதில்லை, ஆதலால் சுத்தம் செய்து நேரே மாவு மில்லுக்குக் கொண்டுபோகலாம். நெல்லுக்கு எங்களிடம் தண்ணீர் இல்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் ஆண்டுக்கு ஒருமுறை பூங்காரும் மாப்பிள்ளைச் சம்பாவும் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

என்னை உண்மையிலேயே அச்சுறுத்தியது நிலக்கடலைதான். ஒரு வைகாசியில் கடலை பறித்துக் களத்தில் காயப்போட்டிருந்தபோது, கோடைமழை மூன்று நாள் விடாமல் பெய்தது. தார்ப்பாயை மூடிக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தோம். பிறகு உடைத்துப் பார்த்தால், சில பருப்புகளின் மேல் பச்சை மஞ்சளாகத் தூள் படிந்திருந்தது. ஈரக் கடலையில் வளரும் அந்தப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கக்கூடியது. அது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது, வறுத்தாலும் முழுமையாக அழியாது. ஒரு சொட்டு மருந்துகூடப் படாத எங்கள் சொந்தக் கடலை, கடையில் வாங்கியதைவிடக் கேடானதாக மாறியிருந்தது! மூன்று மூட்டையையும் எருக்குழியில்கூடப் போட மனமில்லாமல் எரித்தோம். இப்போது தோலோடு காதருகே வைத்துக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை காயவைக்கிறோம். சற்று மங்கிய ஒலி வந்தால் செக்குக்கு அனுப்புவதில்லை. நூறு கிலோ காயில் எழுபது கிலோவை ஒட்டிப் பருப்பும், அந்தப் பருப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு எண்ணெயும் கிடைக்கின்றன. எங்கள் நான்கு பேருக்கு அது ஆண்டு முழுதும் போதாது.

வேலிக்கு அப்பால் பக்கத்து விவசாயியின் மக்காச்சோளம். 2018இல் படைப்புழு தமிழ்நாட்டுக்குள் வந்த பிறகு, அதற்கு மருந்தடிக்காமல் மக்காச்சோளம் எடுப்பவர் எங்கள் பக்கத்தில் அரிது. மேல்காற்று வீசும் ஆடியில் அந்த வாடை எங்கள் கீரைப் பாத்திவரை வரும். மேற்கு ஓரத்தில் கிளுவைப் போத்தும் அகத்தியும் நெருக்கமாக நட்டு, அதை ஒட்டிய பத்தடியில் உண்பதற்கான எதையும் போடாமல் விட்டிருக்கிறோம். அந்த விவசாயி மருந்தடிக்கப்போகும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். நாங்கள் எங்கள் அகத்திக்கீரையை அவருடைய ஆட்டுக்குக் கொடுக்கிறோம். இவ்வளவுக்கும் பிறகு எங்கள் காய்களில் நஞ்சே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எதை அடித்தேன், எப்போது பறித்தேன் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

சென்ற மாதம் சித்தப்பா வந்திருந்தார். கத்தரிப் பாத்தியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அரிந்து ஒதுக்கிய துண்டுகள் கிடந்த வாளியை எட்டிப் பார்த்தார். "பத்துக்கு எத்தன கழியுது?" என்றார். மூன்று என்றேன். "சந்தையில இதுக்கு ஆள் கெடையாதும்மா" என்று சிரித்தவர், போகும்போது பழுக்கவிட்ட கத்தரியின் விதையைத் துண்டில் முடிந்து எடுத்துச் சென்றார். இந்த ஆடிப்பட்டத்தில் வீட்டுக்கென்று விட்ட வரிசை நான்காகியிருக்கிறது என்று சித்தி போனில் சொன்னார். மற்ற வரிசைகளுக்கு வழக்கம்போல வாரம் ஒருமுறை அடிக்கிறாராம்.