இரண்டாவது குழி

மயிலாடுதுறையிலிருந்து பொறையார் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டராக ஏறியது 1991-இல். மாயவரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் ஓடிக்கொண்டிருந்த ரயிலை 1986-லேயே நிறுத்திவிட்டார்கள். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் போகும் எங்கள் வண்டியில் அதனால் எப்போதும் கூட்டம். காலை முதல் ட்ரிப் திரும்பும்போது தரங்கம்பாடியில் மீன்கூடையோடு ஏழெட்டுப் பெண்கள் ஏறுவார்கள். கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போட வேண்டும். தினமும் சண்டை அங்கேதான்.

ஒருநாள் ஒரு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையைக் கொட்டினார். எண்ணிப் பார்த்தால் முக்கால் ரூபாய் குறைந்தது. "இதையும் வச்சுக்கய்யா, கரையில கெடந்துச்சு" என்று கறுத்துப்போன ஒரு செப்புக்காசை என் கையில் அழுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் காசிலிருந்து முக்கால் ரூபாயைப் பையில் போட்டேன், அந்தக் காசைச் சட்டைப்பையில் போட்டேன். செக்கிங் ஏறிப் பையைக் கவிழ்த்தால் இதற்கு என்ன கணக்குச் சொல்வது?

அன்று ராத்திரி செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது. மறுநாள் பொறையாரில் இறங்குகிற வரலாற்று வாத்தியார் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "என்ன தம்பி, நூத்தம்பது வருஷத்துத் தோலை ஒரே ராத்திரியில உரிச்சிட்டீங்களே" என்றார்.

அவர் சொல்லித்தான் அது டென்மார்க் காசு என்று தெரியும். ஒரு பக்கம் கிரீடமும் அதன் கீழே ராஜாவின் பெயரெழுத்துகளும். மறுபக்கம் ரோமன் எண்ணில் நாலு, ஆங்கில எழுத்தில் 'காஸ்'. வருஷத்தில் 18 மட்டும் மிச்சம், பாக்கியைக் கடல் தின்றது பாதி, என் புளி தின்றது பாதி. ஆறாம் ஃபிரெடரிக் காலத்து நாலு காசு. 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டியவர்கள், 1845-இல் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு இங்கிலீஷ்காரர்களிடம் விற்றுவிட்டுப் போகும்வரை தரங்கம்பாடியிலேயே காசு அடித்துப் புழங்கியிருக்கிறார்கள். எண்பது காசு ஒரு பணம், எட்டுப் பணம் ஒரு ரூபாய். நம்முடைய காசும் பணமும்தான் அவர்கள் வாயில் 'காஸ்', 'ஃபானோ' என்று ஆயிற்று. இதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம். பஸ்ஸில் நாள் முழுக்க நான் கத்துகிற வார்த்தை, ஒரு ராஜாவின் செப்புக்காசில்!

அந்த 225 வருஷத்தில் டென்மார்க்கை ஆண்டவர்கள் மொத்தம் ஒன்பது பேர். பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். கிறிஸ்டியன், ஃபிரெடரிக், கிறிஸ்டியன், ஃபிரெடரிக் என்று மாறி மாறியே போகும். தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற நம்மூர் வழக்கம் மாதிரிதான். ஒன்பது பேர் காலத்திலும் இங்கே காசு அடித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு காசு சேர்ப்பது என்று முடிவு செய்தேன். தெரிந்த ஆசாரியிடம் சொல்லி ஒன்பது குழி வைத்த மரத்தட்டு ஒன்று செய்து வாங்கினேன். அதைப் பார்த்த என் வீட்டம்மா, "சுத்திவர ஒம்பது கோயில் இருக்கு, அது போதாதுன்னு வீட்டுக்குள்ள வேற நவக்கிரகமா?" என்றாள். அன்றிலிருந்து தட்டுக்குப் பெயர் நவக்கிரகம்.

ஐந்து குழி சீக்கிரமாகவே நிறைந்தது. சீக்கிரம் என்றால் ஒன்பது வருஷம். பழைய பாத்திரக்கடைக்காரர்கள், எடைக்குப் பித்தளை எடுப்பவர்கள், 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு போகிற சைக்கிள்காரர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும், என் வண்டியில் வருகிறவர்கள்தானே. தராசுத் தட்டில் விழும் முன் எனக்குக் காட்டச் சொல்லி வைத்திருந்தேன். பெரும்பாலும் ராஜராஜன் காசுதான் வரும். ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள், கை ஓரமாக நாகரி எழுத்தில் பெயர். தஞ்சாவூர் ஜில்லாவில் காசு சேர்க்கிற எவன் வீட்டிலும் அது ஒரு டப்பா நிறைய இருக்கும். நானும் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

கடற்கரைக் காசுக்கு ஒரு வியாதி உண்டு. உப்பு உள்ளே ஊறியிருக்கும். நன்றாகத்தானே இருக்கிறது என்று வைத்துவிட்டால், ஐப்பசி மழையில் பச்சைப் பொடியாகப் பூத்துக் காசைத் தின்ன ஆரம்பித்துவிடும். அதற்கு நான் கண்ட வைத்தியம் பேட்டரி தண்ணி, ஆசிட் இல்லை, பேட்டரிக்கு ஊற்றுகிற உப்பில்லாத வடிநீர். டிப்போ எதிர்க்கடையில் கேனாகக் கிடைக்கும். கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் காசைப் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை தண்ணியை மாற்றி, மூன்று நான்கு மாதம். தேய்க்கக் கூடாது, சுரண்டக் கூடாது. அப்புறம் நன்றாகக் காயவைத்து எடுத்துவைக்க வேண்டும். அதுவும் அந்த வழவழப்பான மலிவு பிளாஸ்டிக் உறையில் போட்டால் போச்சு, ஒரு வெயில் காலத்தில் காசின் மேல் பச்சையாகப் பிசின் கசிந்து நிற்கும். இரண்டு காசு போன பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

ஒரு நாணயக் கண்காட்சியில் ஏமாந்த கதையும் உண்டு. ஆறாம் கிறிஸ்டியன் என்று சொல்லி ஒருவர் நீட்டினார், ஒரு மாத ஓவர்டைம் காசைக் கொடுத்து வாங்கினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன், விளிம்பைச் சுற்றி மெல்லிசாக ஒரு கோடு. இரண்டு அச்சு சேர்த்து வார்த்த தடம். மேலே ஊசிமுனை அளவுக் குழிகள், உருக்கி ஊற்றும்போது வந்த காற்றுக் குமிழி. அடித்த காசில் இது இரண்டும் இருக்காது. அந்தப் போலியை இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாகச் சேர்க்கிற பையன்களுக்குக் காட்ட.

நான்காம் ஃபிரெடரிக் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது இந்த ராஜா அனுப்பித்தான். ராஜ வீதியில் 1718-இல் கட்டிய புது எருசலேம் ஆலயத்தின் முகப்பில் கிரீடத்தோடு இவருடைய பெயரெழுத்து இருக்கிறது. வண்டி எடுக்க நேரம் இருந்தது. காக்கிச் சட்டையோடு ஓடிப்போய் வீதியில் நின்று, காசைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். சுவரில் ஆள் உயரத்துக்குமேல் இருப்பது கட்டைவிரல் நகம் அளவுக் காசிலும் இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார்.

சுனாமிக்கு அடுத்த மாதம் கரையில் காசு கிடைக்கிறது, வாங்கிக்கொள்கிறீர்களா என்று ஒருவர் வந்து கேட்டார். வேண்டாம் என்றேன். மீன்கூடையோடு ஏறுகிற ஏழெட்டுப் பேரில் மூன்று பேர் அப்புறம் ஏறவே இல்லை. முதல் காசு கொடுத்த அம்மாவும் அதில் ஒருவர்.

புதையல் என்று யாராவது ரகசியமாகக் கூப்பிட்டாலும் போகமாட்டேன். மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. அரசாங்கச் சம்பளக்காரன், எதற்கு வம்பு?

கஷ்டம் முதல் இரண்டு குழிகளில்தான். நான்காம் கிறிஸ்டியன், மூன்றாம் ஃபிரெடரிக் இருவர் காசும் ஈயம். நாகப்பட்டினத்தில் நகைப் பட்டறை வைத்திருக்கிற ஒருவரிடம் நான்காம் கிறிஸ்டியன் காசு ஒன்று இருந்தது. 2003-இல் முதல்முறை பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் நாகூர் கந்தூரிக்கு ஸ்பெஷல் பஸ் போடுவார்கள், அந்த டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். இடைவேளையில் பட்டறைக்குப் போய் டீ குடித்து, காசைக் கையில் வாங்கிப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டு வருவேன். விலை கேட்டதே இல்லை. கேட்டால் அடுத்த வருஷம் டீ கிடைக்காது என்று ஒரு பயம். 2014-இல் அவராகவே, "ராஜராஜன் ஒரு டப்பா வச்சிருக்கீங்களாமே, கொண்டாங்க பாப்போம்" என்றார். டப்பாவோடு கொடுத்தேன். அறுபத்திரண்டு ராஜராஜனுக்கு ஒரு கிறிஸ்டியன்.

கொண்டுவந்து முதல் குழியில் வைத்து ஆறு மாதத்தில் காசின் மேல் வெள்ளையாக மாவு பூத்தது. ஈயத்துக்கு மரம் ஆகாது, மரத்திலிருந்து வருகிற புளிப்பு ஆவி அரித்துவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. பதினொரு வருஷம் காத்திருந்து வாங்கியதை நானே கொல்லப் பார்த்தேன். இப்போது அது தனி டப்பாவில் இருக்கிறது, முதல் குழியில் அதன் பெயர் எழுதிய சீட்டு மட்டும்.

மிச்சம் இருப்பது இரண்டாவது குழி. மூன்றாம் ஃபிரெடரிக், 1648 முதல் 1670 வரை. அவர் காலம் முழுக்கக் கிட்டத்தட்ட டென்மார்க்கிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கப்பல்கூட வரவில்லை. அங்கே சண்டை, கடன், நம்மூரை மறந்தேவிட்டார்கள். 1655-இலிருந்து கோட்டையில் மிஞ்சியிருந்த டேனிஷ்காரர் ஒரே ஒருவர், எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. படிப்பில்லாத சாதாரண ஆள். தனியாளாக நின்று கோட்டையைக் காப்பாற்றி, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669-இல் கப்பல் வந்து சேர்ந்தபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பகல் ட்ரிப்பில் பலமுறை யோசித்திருக்கிறேன்.

ரிட்டையர் ஆன 2019-இல் தரங்கம்பாடிக் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஈயக்காசு பற்றி விசாரித்தேன். சிரித்தார். "நாங்க சின்னப் பசங்களா இருக்கச்சே எவ்வளவோ பொறுக்குவோம் தம்பி. அப்பா அத்தனையும் உருக்கி வலைக்குக் குண்டு போட்டுருவாரு" என்றார். எனக்குக் கால் மணலில் புதைந்துவிட்டது. அவர் என்ன நினைத்தாரோ, எழுந்து போய்ப் பழைய வலை ஒன்றைப் புரட்டி, ஒரு ஈயக்குண்டை அறுத்து எடுத்து வந்தார். "அப்பா காலத்து வலை. உங்க ராஜா இதுக்குள்ள இருந்தாலும் இருப்பாரு, கொண்டுபோங்க." காசு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

நிலக்கடலை அளவு, நடுவில் கயிறு போக ஓட்டை. இரண்டாவது குழியில் வைத்திருக்கிறேன். மரத்தில்தான் இருக்கிறது, ஓரமெல்லாம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. "அதையும் டப்பாவுல போடுங்களேன்" என்கிறாள் வீட்டம்மா. போட வேண்டும்.