அடிபட்ட வண்டியை மறுபடி நம்பிய கதை

ஏர்வாடி தாண்டி சாயல்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் குறுக்கே வந்த ஆட்டுக்கு ஒதுங்கப்போய், பாலத்துக் கட்டைச்சுவரில் முட்டியது என் 150 சிசி வண்டி. எனக்குக் கை எலும்பு முறிவு. வண்டிக்கு முன்பக்கம் மொத்தமும் போச்சு. "அடிபட்ட வண்டி பழையபடி வராது, வந்த விலைக்குத் தள்ளிவிடு" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எது வளைந்தது என்று பார்க்காமல் பெயின்ட் அடித்துக் கொடுத்தால் வராதுதான். பார்த்துச் சரிசெய்தால் வரும். என் வண்டி வந்தது.

இன்சூரன்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டிக்கு மூன்றரை வயது. அந்த வயதுக்கு இரும்புப் பாகங்களில் 25 சதவீதம், பிளாஸ்டிக், ரப்பரில் 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் பணம் வரும். ஜீரோ டெப் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் இந்தக் கழிவு இல்லை, நான் எடுக்கவில்லை. பழுதுச் செலவு ஐடிவியில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், வண்டி முழுதும் போனதாகக் கணக்கு. என்னுடையது அதற்குள் நின்றது. ஒன்று முக்கியம்: பிரித்த பிறகு உள்ளே புதிதாகச் சேதம் தெரிந்தால், பாகத்தை மாற்றுவதற்கு முன்பே, சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயரை மறுபடி கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

முதலில் காட்டிய சர்வீஸ் சென்டரில் ஹெட்லைட், மட்கார்டு, டேங்க் என்று கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் எஸ்டிமேட்டில் எழுதிவிட்டு, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பைப்பை மட்டும் "பெண்ட் எடுத்துடலாம்" என்றார்கள். மனசு ஒப்பவில்லை. கீழக்கரையில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் காக்காவிடம் (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்) கொண்டுபோனேன்.

காக்கா பைப்பைக் கழற்றித் துடைத்து, கண்ணாடிப் பலகை மேல் வைத்து உருட்டினார். நேரான பைப் ஒட்டினாற்போல் உருளும். இதில் ஒரு பக்கம் வரும்போதெல்லாம் அடியில் வெளிச்சம் தெரிந்தது. "பிரஸ்ஸில வச்சு நிமுத்தலாம் தம்பி. ஆனா வளைஞ்ச இடத்துல குரோம் விட்டிருக்கும். நம்ம ஊரு உப்புக்காத்துல அந்த வெடிப்புலதான் மொத துரு புடிக்கும். துரு சொரசொரன்னு ஆயில் சீலைக் கிழிச்சுடும்" என்றார். விரல் நகத்தால் தடவிக் காட்டினார். மயிரிழை போல ஒரு கோடு நகத்தில் தட்டியது. பைப் இரண்டையும், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் வளைந்திருந்த கீழ் டியையும் புதிதாகவே போடச் சொன்னேன்.

அடுத்தது சேஸிஸ். ஹேண்டில் தலைப்பகுதியின் வெல்டிங்கைச் சுற்றி பெயின்ட் விரிசல் விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். விடவில்லை. விரிசல் விட்டு, சேஸிஸும் வளைந்திருந்தால் நானும் விற்றுத்தான் இருப்பேன். சூடுபோட்டு நிமிர்த்திய சேஸிஸில் ஆளை ஏற்றிப் போக எனக்குத் தைரியம் இல்லை. ஹேண்டிலைத் திருப்பினால் நேர்நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றது. மோதிய வேகத்தில், ஹேண்டில் திரும்பும் பேரிங்கான பால்ரேஸில் குண்டுகள் அச்சு பதித்துவிட்டன. அதுவும் மாற்றம்.

எல்லாம் பூட்டியபின், பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை இரு பக்கமும் நூல் கட்டி நேர் பார்த்தார் காக்கா. பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங் ஆர்மில், நேர் பார்க்கப் போட்டிருக்கும் கோடுகளை மட்டும் நம்பக் கூடாது என்பது அவர் கட்சி. நூலில் பார்த்தால் பின் சக்கரம் லேசாக இடப்பக்கம் சாய்ந்துதான் இருந்தது, அதையும் நேராக்கினார்.

ஓட்டிப் பார்க்கப் பாம்பன் பாலத்துக்குப் போகாதீர்கள். அங்கே அடிக்கிற காற்றில் வண்டி இழுக்கிறதா, காற்று தள்ளுகிறதா என்று தெரியாது. நான் காற்று எழும்புமுன் விடியற்காலையில், கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே ஆளில்லாத நேர்சாலையில், ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் ஓட்டினேன். முப்பதில், ஐம்பதில், பிறகு பிரேக் அழுத்தி. எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஹேண்டில் தலை நட்டையும் ஆக்ஸில் நட்டையும் மறுபடி முறுக்கச் சொன்னார் காக்கா. பால்ரேஸ் நட்டு உண்மையிலேயே தளர்ந்திருந்தது.

ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது. ஃபோர்க் சீலில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. இப்போது அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். மாற்றிய பாகங்களின் பில் எல்லாம் ஆர்சியோடு ஒரே கவரில் இருக்கிறது. நாளை வண்டியை வாங்க வருபவருக்கு அடிபட்ட விவரத்தைச் சொல்லி அதையும் கொடுத்துவிடுவேன்.