அம்மைக்க விரலும் 320ம்

போன வாரம் மார்த்தாண்டத்துல ஒரு சொந்தக்கார கல்யாணம். பந்தியில பாயசம் வந்ததும் பக்கத்துல இருந்த மெட்ராஸ்காரரு, என்னங்க முந்திரியெல்லாம் ஒடஞ்சு கெடக்குன்னு ஒரே குறை. எனக்கு இந்தப் பக்கம் அம்மை இருந்தா, 22 வருஷம் அண்டியாபீஸ்ல கெடந்தவ, ஒண்ணும் பேசல.

அண்டியாபீஸ்னா முந்திரிக் கொட்டைய ஒடச்சு பருப்பெடுக்குற கம்பெனி. பேரு தான் ஆபீஸ், இருக்கது தரையில. கொல்லத்து முதலாளிமாரு களியக்காவிளை தாண்டி இங்க வந்து கம்பெனி தொறந்ததுக்கு பெரிய காரணமே அங்க கூலி கூடிப்போனது தான், அதாவது நம்ம பொம்பளைய கை சீப்பு.

கொட்டை ஆப்பிரிக்காவுல வெளஞ்சு கப்பல்ல தூத்துக்குடிக்கு வந்து லாரியில ஊருக்கு வரும், நாலஞ்சு கிலோ தல்லுனா, அதாவது அடிச்சு ஒடச்சா, ஒரு கிலோ பருப்பு தேறும். தல்லுறதுலயும் கணக்கு உண்டு, மெதுவா அடிச்சா ஓடு பொளக்காது, ஓங்கி அடிச்சா பருப்பு ரெண்டாயிடும், முழுசுக்கு தான் வெலை. பாக்கெட்ல 320ன்னு போட்டிருக்கும்லா, ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, கூடிப்போனா 320 பருப்புன்னு அர்த்தம். அந்த நம்பருக்கு தான் காசு. அம்மைக்கு கிலோ கணக்குல கூலி, ஒடஞ்சது கூடுனா ஏச்சு.

இதுல கொடுமை ஓட்டுல இருக்க எண்ணெய் தான். கையில பட்டா வேகும். சாம்பலத் தேச்சுட்டு தான் உக்காருவாவ, அப்பவும் தோலு உரியும், ராத்திரி சோத்துல கை வெக்க முடியாம ஸ்பூன் வெச்சு தின்னத நான் சின்னதுல ஸ்டைலுன்னு நெனச்சிருக்கேன் (எனக்கு அப்ப ஏழு வயசு இருக்கும்). அந்த எண்ணெயையும் சும்மா விடமாட்டாங்க, பெயிண்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் வித்துருவாங்க.

இப்ப ரேஷன் கடையில அம்மைக்க விரல் ரேகை மெஷின்ல விழாது. நாலு விரல மாத்தி மாத்தி வெப்பா, தொடச்சிட்டு வெப்பா, பின்னால லைன்ல நிக்கவன் உச்சு கொட்டுவான், கடைசியில கண்ணக் காட்டி தான் அரிசி வாங்கணும்.

பந்தியில அந்த ஆளு எந்திரிச்சுப் போனப்பறம் அம்மை பாயசத்துல இருந்து ஒரு பருப்ப எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாத்தா. "தல்லும்போ ஒடஞ்சதில்ல மக்ளே, நீளவாக்குல தானா ரெண்டா பிரிஞ்சது, இத ஸ்பிளிட்டுன்னு தனியா விப்பாவ, மண்டபத்துக்காரன் வெலை கொறச்சு வாங்கியிருக்கான்"ன்னு சொல்லிட்டு வாயில போட்டுகிட்டா.