ஜன்னல் இல்லாத சப்-ஸ்டேஷன்

“இதுவா சப்-ஸ்டேஷன்? கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறதே!” என்று அலைபேசித் திரையில் அப்பா சிரித்த சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது. திருவாரூர்ப் பக்கம் ஒரு துணை மின் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் துபாயில் என்ன சாப்பிடுகிறேன் என்பதற்கு முன்பே, எங்கள் தெருவுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர். அவருக்குக் காட்ட எதிரே இருந்தது, மணல் நிறத்தில் ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம்தான்.

நான் வளர்ந்ததே சப்-ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில். ஜல்லி பரப்பிய முற்றம், வேலியோரம் மேயும் ஆடுகள், இரவெல்லாம் டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம். அது நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். உடனே வாசலில் ஆள் வந்துவிடும்: “சார், எப்போது வரும்?” கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே போய்விட்டால், மறுநாள் வகுப்பில் அத்தனை பேருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஊருக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஃபீடர் லைனை அணைத்ததே நான்தான் என்பதுபோல் பார்ப்பார்கள்.

இங்கே ஏன் கட்டடத்துக்குள் பூட்டி வைக்கிறார்கள்? அப்பா வெயில் என்றார். வெயிலைவிடத் தூசிதான் பெரிய தொல்லை. கம்பியைத் தாங்கி, மின்சாரம் கசியாமல் தடுக்கும் இன்சுலேட்டர்மேல் பாலைவனத் தூசி படியும். இரவில் கடற்காற்றின் உப்பும் ஈரமும் அதில் சேர்ந்தால், அந்தப் படலத்தின் வழியே மின்சாரம் தாவிவிடும். ஊரில் ஐப்பசி மழை கூலி வாங்காமல் கழுவிவிட்டுப் போகிற அழுக்கு இது. துபாயில் ஓர் ஆண்டுக்கே சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான். ஆகவே பழுது வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர், மின்சாரத்தைப் பல லைன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பஸ்பார் எல்லாவற்றையும் உலோக உறைக்குள் அடைத்து, மின்சாரம் தாவாமல் தடுக்கும் சல்பர் ஹெக்சாபுளோரைடு வாயுவை நிரப்பிவிடுகிறார்கள். நிலத்தடிக் கேபிளில் வருகிற 132 கிலோவோல்ட், உள்ளே 11 ஆகக் குறைந்து, தெருமுனைப் பெட்டிகளுக்குப் போய், அங்கிருந்து வீட்டு மின்சாரமாகிறது. ஒரு கேபிள் பழுதானால் மற்றொன்று சுமையைத் தாங்கும்.

ஜூலை மாதத்தில் நள்ளிரவிலும் ஏசி ஓயாது. ஊர் டிரான்ஸ்பார்மருக்கு ஊர் உறங்கிய பிறகாவது மூச்சுவிட நேரம் உண்டு. இங்குள்ளதற்கு அதுவும் இல்லை. அப்படியிருந்தும், 2023இல் ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டு முழுவதும் சராசரியாக 1.06 நிமிடமே மின்தடை என்று துபாய் மின்சார, நீர் ஆணையம் அறிவித்தது. அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

“நிமிடமா, மணியா?”

நிமிடம்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் ஷிப்டில் இருப்பவன் லாக் புத்தகத்தில் என்னதான் எழுதுவான்?” என்றார். பாவம், அவருக்கு அந்த முகம் தெரியாத ஆபரேட்டர்மேல் இரக்கம்.

நான் இந்த ஊருக்குப் பழகிவிட்டேன். மெழுகுவத்தி வாங்குவதில்லை, இன்வர்ட்டர் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் அந்தச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் ரீங்காரம் கேட்கிறதா என்று நடையைத் தளர்த்துகிறேன். கேட்பது என்னவோ யாருடைய ஏசியோதான்.

2024 ஏப்ரல் 16 அன்று கொட்டிய மழையில் நகரமே மிதந்தது. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து கரண்ட் போனது. ஆண்டுக்கணக்காக லிப்டில் தலையை மட்டும் அசைத்தவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு மலையாளி அம்மா கட்டஞ்சாயா, அதாவது பாலில்லாத தேநீர், கொடுத்தார். “எப்போது வரும்?” என்று ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டதும், என்னையறியாமல் “கீழே சுவிட்ச் ரூம் காய வேண்டும், நேரமாகும்” என்று அப்பாவின் தோரணையில் சொல்லிவிட்டேன். நாலு பேர் நம்பியும் விட்டார்கள்.

அப்பாவுக்கு இதையெல்லாம் விவரித்தேன். சாயா, படிக்கட்டு எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

“அது கிடக்கட்டும். சுவிட்ச் ரூமைக் கொண்டுபோய்க் கீழ்த்தளத்தில் வைத்த புத்திசாலி யார்?”