ஆச்சியின் தும்பிக்கை

ஆச்சி போய் இன்றோடு ஓராண்டு. தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்ததும், ‘லை’, ‘னை’ எழுத்துகளில் இணைக்கொம்புக்குப் பதிலாக அதுவரை வளைந்து நின்ற தும்பிக்கை போன்ற சுழியை, அந்தத் ‘தும்பிக்கை’யை, கரும்பலகையில் கைவிட்டார். வீட்டுக் கணக்கு நோட்டில் மட்டும் கடைசிவரை விடவே இல்லை. “அது அரசாங்கத்துக்கு, இது எனக்கு” என்பார்.

நேற்று அலமாரியைத் துடைத்தபோது அந்த நோட்டு கிடைத்தது. வெற்றிலை 2 ரூபாய், தலைவலி மாத்திரை, கறிவேப்பிலை (அதற்கும் கணக்கு!) என்று ஒவ்வொரு ‘லை’யிலும் தும்பிக்கை ஆடுகிறது. நடுவே ஒரு பக்கத்தில் நான் ஐந்து வயதில் எழுதிய ‘வாளைப்பளம்’. பேத்தி என்றும் பாராமல் இரண்டு இடத்திலும் சுழித்து, ‘மூன்று முறை எழுதுக’ என்று போட்டிருக்கிறார். சிவப்பு மை இன்னும் மங்கவில்லை.